வளராத ஸ்வெட்டர்

மதிப்பும் பாசமும் மிகுந்த மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் உடம்பளவில் சௌக்கியம். மற்ற எந்த அளவிலும் சௌக்கியம் இல்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அங்கே நீங்களும், உங்கள் முழங்கால் வலியும், அந்த வலியைப் பற்றி நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஒரு ஃபோன் போட்டுச் சொன்னால் என்ன என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் ஃபோன் பேசுவதும் தெருவில் நின்று கத்துவதும் ஒன்றுதான். நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிசுகிசுத்தாலும் உங்கள் தங்கை சமையலறையிலிருந்து, "அப்படிச் சொல்லாதீங்க, அண்ணன் தப்பா எடுத்துப்பாரு" என்று திருத்தம் போடுவாள். அதனால் தபால் நிலையத்துக்கு வந்து, கயிறு கட்டிப் போட்டிருக்கும் பேனாவால் எழுதுகிறேன். கயிறு எட்டுகிற வரைதான் வரி போகும். வலப்பக்கம் காகிதம் காலியாக இருக்கிறதே, மரியாதைக் குறைவாக எழுதியிருக்கிறானே என்று கோபிக்க வேண்டாம். பேனாவுக்காக ஒருவர் என் பின்னால் நின்று பெருமூச்சு விடுகிறார். விடட்டும், அவர் கஷ்டமெல்லாம் என் கஷ்டத்துக்கு முன்னால் எம்மாத்திரம்.

விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன் மச்சான். உங்கள் தங்கைக்கு ஞாபகம் தடுமாறுகிறது.

எழுதிவிட்டேன். நீங்கள் காலமெல்லாம் ஆடு மாடுகளுக்கு வைத்தியம் பார்த்தவர், மனித மூளை உங்கள் இலாகா இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் டாக்டர் என்று சொல்லிக்கொள்ள நம் குடும்பத்தில் நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள். மாட்டுக்கு வயதானால் மறதி வருமா, வந்தால் முதலில் என்ன தெரியும், அதை மாட்டுக்காரரிடம் எப்படிப் பக்குவமாகச் சொல்வீர்கள் என்பதைப் பதிலில் எழுதவும். நான் இப்போது மாட்டுக்காரர் நிலைமையில்தான் இருக்கிறேன்.

என் மகளுக்குப் பிரசவம் நெருங்கிவிட்டது உங்களுக்குத் தெரியும். அவள் வேலைக்குத் திரும்பும்போது குழந்தையைப் பகலில் எங்களிடம் விட்டுவிட்டுப் போவதாக ஏற்பாடு. இந்த ஏற்பாடு முடிவான நாளிலிருந்து உங்கள் தங்கைக்குக் கால் தரையில் பாவவில்லை. அலமாரியில் என் சாமான்கள் இருந்த தட்டைக் காலி செய்தாள். என் மத்தியானத் தூக்கத்துக்கு வேறு அறை ஒதுக்கினாள், குழந்தைக்குக் குறட்டை ஆகாதாம். கடைசியாக வெளிர் மஞ்சளில் கம்பளி நூல் வாங்கி வந்து, குழந்தைக்கு ஒரு ஸ்வெட்டர் பின்ன உட்கார்ந்தாள். முதல் நாள் அந்த ஸ்வெட்டரைப் பற்றி என்னிடம் ஏதோ விளக்கமாகச் சொன்னாள். நான் அப்போது ஒழுகுகிற குழாய்க்குக் கீழே தலையை விட்டுக்கொண்டிருந்தேன். "செய், செய், நல்லாத்தான் இருக்கும்" என்று உள்ளேயிருந்தே சொன்னதாக ஞாபகம். மகளிடம் ஃபோனில், "அதுல ஒண்ணு வெச்சிருக்கேன், வந்து நீயே பாரு" என்றாள். பாசத்தை வைத்திருக்கிறாள் என்று நானும் நெகிழ்ந்துபோனேன்.

பாட்டில் தொழிற்சாலையில் நான் பார்த்த வேலை உங்களுக்குத் தெரியும். விளக்குப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, வரிசையாக நகர்ந்து வரும் பாட்டில்களில் கீறல், குமிழி, கோணல் உள்ளதைப் பொறுக்கித் தள்ள வேண்டும். அங்கே எனக்குப் பெயரே 'குறை' என்றுதான். "குறை எங்கே, சாப்பிடப் போயிருக்காரா" என்று மேலாளரே கேட்பார். ஓய்வு பெற்ற பிறகு கண் அப்படியே இருக்கிறது, பார்க்கத்தான் பாட்டில் இல்லை. அப்படியிருக்கையில் ஒரு நாள் மத்தியானம் உங்கள் தங்கை தூங்கப் போனாள். கூடத்தில் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் கூடை இருந்தது. ஊசியோடு மடித்து வைத்திருந்த பின்னலைச் சும்மா எடுத்துப் பார்த்தேன். பார்த்ததும் எனக்குத் திக்கென்றது.

எது சரி, எது தப்பு என்பது உங்களுக்கும் விளங்க வேண்டும், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவும். தொழிற்சாலையில் சந்தேகம் வந்தால் மாதிரி பாட்டிலை எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்போம். அதே முறைப்படி, அவள் எனக்குப் பின்னித் தந்த பழுப்பு ஸ்வெட்டரையே மாதிரியாக வைத்துக்கொண்டேன். அதில் வெளிப்பக்கம் முழுக்கக் குருணை குருணையாக மேடு, உள்பக்கம் வழவழவென்று இருக்கும். மேனியில் படுகிற பக்கம் உறுத்தக் கூடாது என்று அப்படி. சட்டைப்பையைக்கூட உள்ளே வைத்துத் தைத்திருக்கிறாள், கூட்டத்தில் எவனும் கை வைக்க முடியாது. அவ்வளவு யோசனைக்காரி. அப்பேர்ப்பட்டவள் பின்னியதில், குருணையாக இருக்க வேண்டிய இடத்தில் நடுவே ஒரு திட்டு வழவழவென்று கிடக்கிறது. பக்கத்தில் இன்னொரு திட்டு. கை எதையோ செய்ய, மனசு எங்கேயோ போயிருக்கிறது. திருப்பிப் பார்த்தால், அதே இடத்தில் உள்பக்கம் குருணை தட்டுகிறது. தப்பு அவ்வளவு ஆழமாக விழுந்திருந்தது மச்சான்.

அவளிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் போன மாதம்தான் உப்பு கொஞ்சம் தூக்கல் என்று சொல்லி, அடுத்து வந்த சாப்பாடெல்லாம் உப்பே இல்லாமல் சாப்பிட்டேன். தவிர, ஆசை ஆசையாகப் பின்னுகிறவளின் மனத்தை ஏன் நோகடிக்க வேண்டும், சத்தமில்லாமல் சரி செய்து வைத்துவிடுவோம் என்று நினைத்தேன். கம்பளிக் கடை அம்மாவிடம் போய் வழி கேட்டேன். அந்த அம்மா ரொம்ப நல்ல மாதிரி. "பூராவும் பிரிக்க வேண்டாம் சார். ஊசியில மாட்டியிருக்கிற வளையத்துக்குக் கண்ணின்னு பேரு. தப்பு இருக்கிற இடத்துக்கு நேர் மேல ஒரு கண்ணியைக் கழட்டி விடுங்க, ஏணி மாதிரி கீழே இறங்கும். கொக்கி ஊசியால ஒவ்வொரு படியா சரியா மாட்டிக்கிட்டே மேல வாங்க" என்று செய்து காட்டினாள். "தப்பு எந்தப் பக்கம் சார்" என்றும் கேட்டாள். "வெளிப்பக்கம்தான், பளிச்சுன்னு தெரியுது" என்றேன்.

முதல் நாள் வைத்தியத்தை எப்படிச் சொல்ல. கண்ணியைக் கழற்றி விட்டேன். திட்டு வரைக்கும் இறங்கி நிற்க வேண்டியது, நான் தும்மியதும் விளிம்பு வரைக்கும் போய்விட்டது. அதைப் பிடித்து நிறுத்தத் துணி கிளிப்பைப் போட்டால் கிளிப் இன்னொரு கண்ணியைத் தள்ளிவிட்டது, அதைப் பிடிக்கப் பல் குத்தும் குச்சியைச் செருகினேன், அந்த நேரம் பார்த்துப் பார்சல்காரர் மணியடித்துவிட்டார், உள்ளே கட்டில் கிரீச்சிட்டது, எனக்கு ஒன்றும் ஓடவில்லை, ஊசி கிளிப் குச்சி எல்லாவற்றோடும் பின்னலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். அவர் வண்டிக்குப் பக்கத்தில் வந்து கையெழுத்துப் போடச் சொன்னார். போனேன். நூல் உருண்டை கூடையிலேயே இருக்கிறது, நூல் என் சட்டைக்கு அடியிலிருந்து வீட்டு வாசல்வரை நீண்டு கிடக்கிறது. எதிர் வீட்டு வக்கீல் அம்மா நின்று பார்த்துவிட்டு, "சார், உங்க வயித்துலேர்ந்து நூல் வருது" என்றார். "ஆமாம்மா, டாக்டர் அப்படித்தான் வரும்னு சொல்லியிருக்கார்" என்றேன். வேறென்ன சொல்ல. அந்த அம்மா நூலைத் தெருவில் இழுபடாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு என் பின்னாலேயே வாசல்வரை வந்து விட்டுவிட்டுப் போனார். இப்போது என்னைப் பார்க்கும்போதெல்லாம் உடம்பு எப்படி இருக்கிறது என்று மெதுவான குரலில் விசாரிக்கிறார்.

எப்படியோ ஒரு திட்டைக் குருணையாக மாற்றி, மடிப்புக் கலையாமல் கூடையில் வைத்துவிட்டேன். என்மேல் அவளுக்குச் சந்தேகம் வர வழியே இல்லை. பொத்தான் அறுந்தால் சட்டையையே மாற்றிக்கொள்கிறவன் நான். மறுநாள் காலை அவள் பின்னலை எடுத்தாள், விரித்தாள். பிறகு சரசரவென்று பிரித்துவிட்டுப் பின்னினாள். மத்தியானம் போய்ப் பார்த்தால், மச்சான், நம்பமாட்டீர்கள், அதே இடத்தில் அதே திட்டு. நான் மறுபடி சரி செய்தேன். அவள் மறுபடி பிரித்தாள். மறுபடி அதே தப்பு, அதே அளவு, அதே உருவம். ஒருவர் தற்செயலாகத் தப்பு செய்யலாம், மாற்றமே இல்லாமல் ஒரே தப்பை ஒரே இடத்தில் எப்படிச் செய்ய முடியும். இந்தக் கூத்து நாள்தோறும் நடக்கிறது. மகளின் வயிறு வளர்கிறது, ஸ்வெட்டர் மட்டும் வளரவில்லை. நூல் பிரித்துப் பிரித்துப் பஞ்சாகிவிட்டது.

ஒரு காலையில் அவள் பின்னலை மடியில் வைத்துக்கொண்டு, "நேத்து போட்டேனே. போட்டது நல்லா ஞாபகம் இருக்கே. போட்டது எங்க போச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். தப்பாகப் போட்டதைச் சரியாகப் போட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள் பாவம். அன்றிலிருந்து அவளே அவளைச் சோதிக்க ஆரம்பித்துவிட்டாள். பாத்திரம் கழுவும்போது வாய்ப்பாடு ஒப்பிக்கிறாள். துணி மடிக்கும்போது உங்கள் பெரியப்பா பிள்ளைகள் பெயரையெல்லாம் வரிசையாகச் சொல்கிறாள். நானும் என் பங்குக்குப் பேச்சுவாக்கில் சோதித்தேன். "நம்ம கல்யாணத்தன்னிக்கு யாரோ கோவிச்சுக்கிட்டுப் போனாங்களே, யாரு" என்று கேட்டேன். "உங்க சித்தப்பா. எதுக்குப் போனாருன்னும் சொல்லட்டுமா, அப்போ நீங்க எங்க ஒளிஞ்சுக்கிட்டீங்கன்னும் சொல்லட்டுமா" என்றாள். இரண்டையும் சொன்னாள். அதோடு நிறுத்தவும் இல்லை. என் குறைகளைப் பொறுத்தமட்டில் அவள் ஞாபகத்தில் ஒரு கண்ணிகூட விட்டுப்போகவில்லை. ஆகவே நோய் மூளையின் ஒரு பகுதியை மட்டும் பிடித்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

கண்ணாக இருக்குமோ என்று கண்ணாடிக் கடைக்கு அழைத்துப் போனேன். கடைசி வரி வரை கடகடவென்று படித்தாள். கடைக்காரர், "அம்மா கண்ணு அருமையா இருக்கு. சார், நீங்க உக்காருங்க" என்றார். வியாபாரத்துக்கு ஆள் பிடிக்கிறார் என்று எழுந்து வந்துவிட்டேன்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். நேற்று சாயங்காலம் அவள் மகளுக்கு ஃபோன் போட்டாள். நான் கூடத்தில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "குழந்தையைப் பாத்துக்க வேற யாராவது கிடைப்பாங்களான்னு விசாரிச்சு வை" என்றாள். மகள் என்ன கேட்டாளோ தெரியாது. "எனக்கு முடியாதுன்னு இல்லடி. பயமா இருக்கு. போடாத கண்ணியைப் போட்டதா நினைச்சுக்கறேன். அடுப்பைப் பத்த வெச்சுட்டு மறந்துட்டேன்னா. குழந்தையைக் குளிக்க வெச்சுக்கிட்டு இருக்கும்போது மறந்துட்டேன்னா" என்றாள். ஃபோனை வைத்துவிட்டு, அந்த மஞ்சள் பின்னலை முகத்தில் பொத்திக்கொண்டு அழுதாள். நான் பேப்பருக்குப் பின்னால் அழுதேன். நாங்கள் இருவரும் ஒரே கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் தெரியாமல் அழுதுகொண்டிருந்தோம். பிறகு எழுந்து போய் அலமாரியில் அந்தக் காலித் தட்டில் என் சாமான்களைத் திரும்ப எடுத்து அடுக்கினாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை மச்சான். எனக்கு அந்தத் தட்டு வேண்டாம்.

வருகிற வியாழக்கிழமை மூளை நரம்பு டாக்டர் ஒருவரிடம் உங்கள் தங்கை பெயருக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். அவளுக்கு இன்னும் தெரியாது. நான் சொன்னால் வரமாட்டாள், நீங்கள் சொன்னால் தட்டமாட்டாள். ஆகவே புதன்கிழமையே, சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தவர்போல வந்து, எப்படியாவது அவளைக் கிளப்பி அழைத்துப் போக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முழங்கால் வலியைச் சாக்குச் சொல்ல வேண்டாம். எதிரே அவள் இல்லாத நாற்காலியையோ, அவள் இருந்தும் அவளாக இல்லாத நாற்காலியையோ பார்த்துக்கொண்டு உட்கார என்னால் ஆகாது. இதை அவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை, உங்களிடம் சொல்லிவிட்டேன்.

அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டில் பெரியவர் சிறியவர் எல்லோரும் நீண்ட ஆயுளோடு, அதைவிட முக்கியமாக நல்ல ஞாபகத்தோடு இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். பின்னால் நிற்பவர் கயிற்றைப் பிடித்து இழுக்க ஆரம்பித்துவிட்டார்.

இப்படிக்கு,
கை பிசைந்து நிற்கும்
உங்கள் மைத்துனன்

பி.கு.: இதை வீட்டு மேஜையில், கயிறு இல்லாத பேனாவால் எழுதுகிறேன். தபால்தலை வாங்குவதற்குள் கவுன்ட்டரை மூடிவிட்டார்கள், அதனால் கடிதத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். உங்கள் தங்கை தூங்குகிறாள் என்று நினைத்து, இன்றைக்கு விழுந்திருந்த திட்டைச் சரி செய்ய உட்கார்ந்தேன். அவள் தூங்கவில்லை. கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றீங்க" என்றாள்.

"ஒண்ணுமில்ல, தப்பைச் சரி பண்றேன்" என்றேன்.

"எந்தத் தப்பை."

காட்டினேன். அவள் பின்னலை என் கையிலிருந்து வாங்கி, திருப்பிப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினாள். வழவழப்பான மஞ்சளில் மேடு தட்டிக்கொண்டு, அலகும் வாலுமாக, சின்னதாக ஒன்று நின்றது.

"இது தப்பில்ல. வாத்து" என்றாள். "வரிசையா வாத்து போகும்னு முதல் நாளே சொன்னேனே, நல்லா இருக்கும்னு சொன்னீங்களே. வெளியே தெரியற நல்ல பக்கம் அழுக்காகக் கூடாதுன்னு உள்ளே வெச்சு மடிச்சு வெச்சேன்."

நான் விடவில்லை. "வழவழப்புதானே உள்பக்கம். நான் போட்டிருக்கிற ஸ்வெட்டரைப் பாரு" என்றேன். அவள் என் மார்பைப் பார்த்தாள். "நீங்க அதைத் திருப்பித்தான் போட்டுக்கறீங்க. பின்னிக் குடுத்த நாள்லேர்ந்து. சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் விட்டுட்டேன். பையை எவளாவது உள்ளே வெச்சுத் தைப்பாளா" என்றாள். மச்சான், பாட்டிலுக்கு உள்பக்கம் வெளிப்பக்கம் என்ற குழப்பமே கிடையாது. முப்பது வருஷ அனுபவம் என்னைக் கவிழ்த்துவிட்டது.

அவள் திட்டவில்லை. தரையில் உட்கார்ந்து, "அப்போ நான் போட்டது போட்டதுதான். எனக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்லிச் சொல்லி அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு ஃபோனை எடுத்து மகளிடம், "யாரையும் விசாரிக்க வேண்டாம், குழந்தையை நானே பாத்துக்கறேன்" என்றாள். அலமாரித் தட்டை மறுபடி காலி செய்தாயிற்று. என் சாமான்கள் இப்போது கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன, எனக்குப் பரம சந்தோஷம். வாத்து வரிசையில் ஒரு இடத்தில் மட்டும் நூல் நைந்துபோய், அங்கே வாத்து போட முடியாமல் காலியாக விட்டிருக்கிறாள். "குழந்தை பெரிசாகி இங்க இருந்த வாத்து எங்கன்னு கேக்கும். தாத்தாவைக் கேளுன்னு சொல்லிடுவேன்" என்கிறாள்.

மேலே எழுதியதையெல்லாம் கிழித்துவிடலாம் என்றேன். கையிலிருந்து பிடுங்கி, நாற்காலி விஷயம் வரை படித்தாள். அந்த இடத்தை இரண்டாம் முறையும் படித்தாள். பிறகு மடித்துக் கொடுத்து, "ஒரு எழுத்துகூட மாத்தாம அனுப்புங்க, அண்ணன் படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். ஆகவே அனுப்பியிருக்கிறேன். நரம்பு டாக்டரிடம் வாங்கிய நேரத்தை அவளே ஃபோன் செய்து ரத்து செய்துவிட்டாள். நீங்கள் மட்டும் புதன்கிழமை அவசியம் வர வேண்டுமாம். எனக்கு இருக்கிற வியாதிக்கு மாட்டு டாக்டர் நீங்களே போதும் என்கிறாள்.